இன்னொரு சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா இப்போதும் மாத்திரைக்கு டிமிக்கி கொடுக்கிறாளா?

இங்கே ஒரு கூத்து. செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் டூட்டி முடிந்து வந்து கார் கதவைத் திறந்தால், சாவி பாதியில் முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. பயப்படாதீர்கள், பட்டப்பகல்தான். சாவிக்காரர் வந்து, தன் பெண்ணின் பரீட்சைக் கவலையைச் சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துவிட்டுப் புதுச்சாவி செய்தார். ஒரு மணி நேரம் பேச்சுத்துணை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருக்கலாம் என்றிருந்தது.

கிளம்பும்போது இரண்டு சாவி கொடுத்தார். "ஒண்ணு நீங்க வச்சுக்கங்க. இன்னொண்ண நம்பிக்கையான ஆள்கிட்ட குடுத்து வைங்கம்மா, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."

"சரிங்க" என்று தலையாட்டிவிட்டேன்.

மூன்று நாள் யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அதனால் அதை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். காரே இல்லாத வீட்டில் கார் சாவி எதற்கென்று அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

பதில் எழுதும்போது தபால் எடையைப் பார்க்காமல் நாலு பக்கம் எழுதுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
சின்னக்குட்டி