சாயங்கால வெல்லம்

7-8-1993, சனி

இன்று கல்லூரிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். பழைய மாணவர் சங்கத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பீங்கான் டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கிறவர்கள் வந்து கடைசி வருடப் பிள்ளைகளுக்கு வழி சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வருடம் முடிவதற்குள் எங்காவது வேலையில் சேர்த்துவிட வேண்டும். சங்கத் தலைவர் ஆதிநாராயணன் சார்தான் எங்கள் யூனிட்டுக்கு முதலாளி. "நீ வரலன்னா எப்படி சங்கரி? பொம்பளப் புள்ளைங்களுக்கு யாரு பேசறது?" என்றார். அவர் சொல்வதும் சரிதான். எங்கள் செட்டில் படித்த ஒரே பெண் நான். அன்றைக்கு என்னைப் பார்க்க வகுப்பு வாசலில் கூட்டம் நின்றது, ஏதோ கரடி வந்த மாதிரி.

நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மேடம், ஒரே தூசியாமே?" என்று கேட்டான். "பீங்கான் கம்பெனியில தூசி இல்லாம பன்னீரா தெளிப்பாங்க? பயப்படாதீங்க, சாயங்காலம் வெல்லம் குடுப்பாங்க. ஒரு உண்டையை வாயில போட்டா அத்தனையும் இறங்கிடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சார் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பொய் ஒன்றும் சொல்லவில்லையே. வேலை விடும்போது வாசலில் ஆளுக்கு ஓர் உண்டை வெல்லம் கொடுப்பது எங்கள் யூனிட்டில் மட்டுமா, ஊர் முழுக்க உள்ள வழக்கம். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை.

என் பொறுப்பில் வந்தவள் துர்காதேவி. நல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். அப்பா இல்லை, அம்மா கொல்லையில் கூலி வேலைக்குப் போகிறாள். "உங்களுக்குக் கீழ எத்தினி பேருக்கா?" என்று கேட்டாள். ஆறு பேர், அதில் நாலு ஆம்பளை என்றேன். "ஆம்பளைங்களுமா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் அந்த எடத்துக்கு வரணுங்க்கா."

எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! இவரிடம் சொல்லிச் சொல்லிக் காண்பித்தேன். பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டது என்று கிண்டல் செய்தார்.

4-9-1993, சனி

கூட்டம் முடிந்ததும் துர்காவை யூனிட்டுக்கு அழைத்துப் போனேன். என் கலவைப் பிரிவைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்கிறாள். குவார்ட்ஸ் கல் பவுடர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். கொஞ்ச நேரம் எதிரில் நின்ற ஆள் தெரியவில்லை. துர்கா தாவணியால் மூக்கைப் பொத்தினாள். நான் பொத்தவில்லை. பொத்தினால் ஆட்களுக்கு இளப்பமாகிவிடும்.

போகும்போது வாசலில் அவளுக்கும் ஓர் உண்டை வாங்கிக் கொடுத்தேன். பஸ் வரும்வரை வாயிலேயே அடக்கி வைத்திருந்தாள்.

21-11-1993, ஞாயிறு

இருமல் விடுவதாக இல்லை. டாக்டர் டி.பி. என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் பஸ் கண்டக்டர். திட்டக்குடி வண்டியில் நாள் முழுக்க மனிதர்களோடு மனிதர்களாக நிற்கிறவர். அவருக்கு வராமல் எனக்கு எப்படி வந்தது?

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்.

26-1-1994

சென்னையிலிருந்து நாத்தனார் வந்தாள் என்று ஜங்ஷனுக்குப் போனோம். மேம்பாலத்தில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போன இடம் தெரியவில்லை. ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஒரு கிழவர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். முப்பத்தாறு வயதில் கிழவரிடம் சோடா வாங்கிக் குடிக்கிறேன்.

மாத்திரை ஒரு எழவும் கேட்கவில்லை.

15-2-1994, செவ்வாய்

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு முதலில் கேட்டது, "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" இத்தனை மாதத்தில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை.

டி.பி. இல்லையாம். கல் தூசியாம். பதிமூன்று வருடமாக உள்ளே போய்ப் படிந்திருக்கிறது. போனது போனதுதான், எடுக்க முடியாது, இனிமேல் அங்கே போகாதீர்கள் என்றார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். இப்போது எழுதவே கூசுகிறது. "தினமும் வெல்லம் சாப்பிட்டேனே டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "வெல்லம் வயித்துக்குப் போவுதும்மா. தூசி போற வழி வேற" என்றார்.

இது எனக்குத் தெரியாதா? மூச்சுக்குழாய் வேறு, சோற்றுக்குழாய் வேறு என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தவள்தானே? டிப்ளமோ வாங்கியவள்தானே? படித்ததை எல்லாம் வாசலில் கழற்றிவிட்டு, எல்லோரும் கையை நீட்டினார்கள் என்று நானும் நீட்டியிருக்கிறேன். நீட்டியது போதாதென்று மேடை ஏறி மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

16-2-1994

துர்கா.

19-2-1994, சனி

சார் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். தூசியை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் போடுங்கள், மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் தண்ணீராவது தெளிக்கச் சொல்லுங்கள், முகத்துக்கு நல்ல மூடி வாங்கிக் கொடுங்கள் என்றேன். கெட்ட மனிதர் இல்லை, காபி கொடுத்தார். கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், "இந்தத் தூசியிலதாம்மா நானும் வளந்தேன். எனக்கு என்ன ஆச்சு? உனக்கு வந்திருக்கறது டி.பி.தான். ஒங்க வூட்டுக்காரரு பஸ்ஸுல ஆயிரம் பேரு இருமுறான், எவன்கிட்டேர்ந்து வந்துதோ."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை, மூச்சுதான் இல்லை. இனி அந்த யூனிட் வாசலை மிதிப்பதில்லை.

ஆனால் துர்காவைப் படிப்பு முடிந்ததும் யூனிட்டில் எடுப்பதாக ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன். நானேதான் அவரிடம் சிபாரிசு செய்தேன். சூட்டிகையான பெண், என் பிரிவிலேயே போடுங்கள் என்று.

5-3-1994, சனி

இன்று கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று போனேன். இவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், துர்கா முதல் வரிசையில், வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்க்கிறாள். "போன வருசம் வெல்லத்தைப் பத்தி ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். பையன்கள் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடியும் வேடிக்கையாக ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமுகிறேன், இருமுகிறேன்... கண்ணில் தண்ணீர். சார் வந்து மைக்கை வாங்கினார். "சங்கரிக்கு ஒடம்பு முடியல. முடியலன்னாலும் உங்களுக்காவ வந்திருக்கு பாருங்க" என்றார்.

கைதட்டினார்கள். என்னை ஓரமாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

சனியன் பிடித்த இருமலே, அஞ்சு நிமிசம் பொறுத்துக்க மாட்டியா நீ?

8-3-1994

சங்கத்திலிருந்து ஆள் வந்தது. இனி நான் கூட்டத்துக்கு வர வேண்டாமாம். "புள்ளைங்களுக்குத் தொத்திக்கும்னு பெத்தவங்க பயப்படறாங்க."

தொற்றாத நோயைத் தொற்றும் என்கிறார்கள். தொற்றிய பேச்சை யார் நிறுத்துவது?

13-3-1994, ஞாயிறு

கூட்டத்தில் முடியாததை வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நல்லூருக்குப் போனோம். துர்காவின் அம்மா பூவாயி வாசலுக்கே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கொலசாமி மாரி வந்திருக்கீங்க" என்கிறாள். நான் எப்படி ஆரம்பிப்பது?

சொன்னேன். படத்தைக் காட்டினேன். புதுச்சேரியில் ஒரு சோதனைச் சாலையில் என்னோடு படித்தவர் இருக்கிறார், அங்கே தூசி கிடையாது, இவளுக்கு வேலை கேட்டு வைத்திருக்கிறேன், பெண்கள் தங்குகிற ஆஸ்டலும் பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். பூவாயி படத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையேதான் பார்த்தாள்.

"அவ்ளோ தூரம் தனியா அனுப்பிட்டு எங்கண்ணு மூடுமாம்மா? கம்பேனி வேனு வூட்டு வாசலுக்கே வருதாமே. முன்னாடி நீங்கதான் தங்கமான எடம்னு இவகிட்ட சொன்னீங்க. பதிமூணு வருசம் நீங்க இருந்த எடந்தானே?"

துர்கா என்னை வழியனுப்ப பஸ் நிறுத்தம் வரை வந்தாள். "எம்மேல ஏதாச்சும் கோவமாக்கா?" என்று கேட்டாள்.

"ஏண்டி?"

"இல்ல, ஒங்க எடத்துக்கு நான் வந்துடப் போறேன்னு... அப்பிடின்னு காலேஜுல பேசிக்கறாங்க."

அடிப்பாவி! பொளேரென்று ஓர் அறை விட்டிருப்பேன். கையைத் தூக்க முடிந்திருந்தால் விட்டிருப்பேன். பஸ் வந்துவிட்டது. இவர் என்னை ஏற்றி உட்காரவைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் அழுதுகொண்டு நிற்கிறாள்.

1-6-1994, புதன்

துர்கா சேர்ந்துவிட்டாள். கலவைப் பிரிவு. என் நாற்காலி, என் தராசு.

10-8-1994

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுகிறாள். துணி துவைத்துப் போடுகிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. இவருக்கு அவளைக் கண்டால் ஆகவில்லை. எனக்கும் ஆகாமல்தான் இருந்தது. ஆனால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். வாங்கவில்லை. எனக்கும் முதல் பத்து வருடம் வாங்கவில்லை.

மூக்கைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "முதல்ல கட்டிக்கிட்டேங்க்கா. ஆம்பளைங்க சிரிக்கறாங்க."

25-12-1994, ஞாயிறு

துர்கா ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். திறந்து பார்த்தால் வெல்லம். உண்டை உண்டையாக, வாளி விளிம்பு வரைக்கும்.

"தெனம் குடுக்கறதுதாங்க்கா. நான் திங்கல, ஒங்களுக்குன்னு சேத்து வச்சேன். நீங்க வேலைய வுட்டப்புறம் வெல்லம் நின்னு போச்சில்ல, அதான் இருமல் அதிகமாயிடுச்சின்னு யூனிட்டுல எங்கூட இருக்கற ஆராயி அக்கா சொன்னாங்க."

என்ன சொல்வது நான்? படத்தைக் காட்டி, டாக்டர் சொன்னதை எல்லாம் இவளிடம் மறுபடி மறுபடி சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எனக்கு வெல்லம் சேர்த்திருக்கிறாள். திட்டவும் முடியவில்லை. கட்டிக்கொண்டு அழுதேன். அழுதால் இருமல் வருகிறது, இருமினால் அவள் வெல்லத்தை எடுத்து நீட்டுகிறாள். அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புறப்படும்போதுதான் சொன்னாள். வருகிற முதல் சனிக்கிழமை கல்லூரியில் அவள் பேச வேண்டுமாம். இப்போது அவளும் பழைய மாணவி. சார்தான் கூப்பிட்டாராம். "என்ன பேசட்டுங்க்கா?"

எழுந்து அலமாரியிலிருந்து என் நெஞ்சுப் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "ஒண்ணும் பேச வேணாம். இதை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடி. இது யாருன்னு மட்டும் சொல்லு. போதும்."

சரி என்றாள். உறையோடு மார்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். நம்புகிறேன். நம்பாமல் வேறென்ன செய்வது?

7-1-1995, சனி

காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. பத்து மணிக்குக் கூட்டம். இந்நேரம் எழுந்திருப்பாள், இந்நேரம் படத்தைத் தூக்கியிருப்பாள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

சாயங்காலம் வந்தாள். உறையை மேசைமேல் வைத்தாள். கட்டியிருந்த நூல்கூட அவிழவில்லை.

"மன்னிச்சிடுங்க்கா. எடுக்கலாம்னுதான் போனேன். சார் எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. எந்தம்பியையும் யூனிட்டுல சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. கையி வரல."

"சரி. என்னதான் பேசின?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு பொண்ணு எந்திரிச்சி, தூசியாமேன்னு கேட்டுது. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல... நீங்க அன்னிக்கிச் சொன்னதுதான் வாயில வந்துது."

நான் மேசைமேல் இருந்த உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பன்னீரா தெளிப்பாங்க, சாயங்காலம் வெல்லம் குடுப்பாங்கன்னு சொன்னேங்க்கா. எல்லாம் சிரிச்சிதுங்க. நீங்க பேசுன மாரியே இருந்துதுன்னு சார் சொன்னாரு."

அந்தப் பெண் இப்போது துர்காவின் பொறுப்பில் இருக்கிறாளாம். வேப்பூர்ப் பக்கத்துப் பெண். நன்றாகப் படிப்பாளாம்.

பொங்கல், 1995

வாளி நிறைய இருக்கிறதே, கடையில் எதற்கு வாங்க வேண்டும் என்று இவர் துர்கா கொண்டுவந்த வெல்லத்தையே தட்டிப் போட்டுவிட்டார். நான் கட்டிலில் இருந்தபடியே பார்த்தேன். பானை பொங்கியது. இவர் ஒருவராகவே குரல் கொடுத்தார், என்னால் கூடச் சேர்ந்து சொல்ல முடியவில்லை. ஒரு கரண்டி இலையில் வைத்துக் கொண்டுவந்து ஊட்டினார்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் இருந்தது. நல்ல வெல்லம்.