மிதுனுக்குக் கேட்ட குரல்

கிணத்துக்கடவு,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கண்ணு தீபக்கிற்கு,

அம்மா எழுதுவது. ஆனைமலைத் தாய் காவலில் நீ டப்ளினில் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே மழை பரவாயில்லை. தென்னையில் வெள்ளை ஈதான் குறையவில்லை. உன்னோடு பிறந்த மிதுன் தனக்குக் கேட்ட குரலை அமுக்க டிவியைச் சத்தமாக வைப்பானே, இப்போது உன் அப்பா வைக்கிறார். ஏனுங்க என்று கேட்டேன். “வெறிச்சுன்னு இருந்தா எனக்கே ஏதோ கேக்குது அம்மணி” என்றார்.

மாரடைப்பில் அவன் போன அன்று, உன் சம்மதத்தோடுதான் மூளையைப் பெங்களூர் ஆராய்ச்சிக்குக் கொடுத்தோம். ஆனாலும் மனசு ஆறவில்லை. நேற்று கோயம்புத்தூர் போய், அவனுக்கு வைத்தியம் பார்த்த பிரவீனா டாக்டரிடம் கேட்டேவிட்டேன்: “அந்த மூளைக்குள்ள இன்னும் அந்தக் குரல் இருக்குமுங்களா?” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இல்லீங்கம்மா, உசுரோட அதுவும் போயிருச்சுங்க” என்றார்.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டேன். ஒரே கருவில் உண்டான இரட்டையர், இருவருக்கும் ஜீன் ஒன்றுதானாம். ஆனால் மூளைக்குள் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம். அவனுக்கு எது கூடிற்று, எது குறைந்தது என்றுதான் பெங்களூரில் பார்க்கிறார்கள். அவனுக்கு வந்த நோய் உனக்கும் வந்தே தீரும் என்றில்லை. வந்தாலும் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் நன்றாக இருக்கலாம் என்றார்.

நான் ஏன் ஓடிப்போய்க் கேட்டேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசினாய். ரூமில் தனியாக இருப்பதாகச் சொன்னாய். நடுவில் முகத்தைத் திருப்பி, சிரித்துக்கொண்டே மெல்ல, “இருடா மிதுனு, அம்மாகிட்டப் பேசிப்போட்டு வாரேன்” என்றாய். பிறகு ஒன்றுமே நடக்காதது போல என்ன குழம்பு என்று கேட்டாய்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது கண்ணு. அவன் உன்னோடு இருக்கிறான் என்று. அதை நினைத்தால்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. லோகப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கல்யாணம் தள்ளிப்போனால் போகட்டும் என்று, உன்னைக் கூட்டிவர அவளே புறப்பட்டு வருகிறாள். டாக்டர் எந்நேரம் வந்தாலும் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

அவளோடு கிளம்பி வந்துவிடு. வழியில் அவன் வேண்டாம் என்று சொல்லக்கூடும். சொன்னால் கேட்காதே. உன்னைப் பெற்றவள் நான் கூப்பிடுகிறேன் சாமி, என் குரலை மட்டும் கேள்.

நூறு வருசம் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா
சின்னாத்தாள்