2147483647: கடைசி இலக்கம் ஏழு

அன்பு நிறைந்த அண்ணனுக்கு,

உன் கல் வந்து சேர்ந்தது. நீ கேட்டபடி பைபிள் வசனம் போடாமல் எண்ணைப் போடச் சொன்னேன். கல்லறைக் கமிட்டிச் செயலாளர், "இது எந்த அதிகாரம், எந்த வசனம் டீச்சரம்மா?" என்றார். அதன் கீழே 'இது வகுபடாது' என்று ஒரு வரி இருந்ததால், ஜெபமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

கிழங்கு மண்டியில் எடை எழுதிய நீ, எடைச் சீட்டுகளின் பின்புறத்தில் எட்டு வருஷம் போட்ட வகுத்தல் அது. இரண்டை முப்பத்தோரு முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருகிற எண். அதன் வர்க்கமூலமான 46340-க்குள் இருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்களாலும் வகுத்தாய். ஒன்றும் உள்ளே போகவில்லை. அறுபத்திரண்டால் வகுத்து ஒன்று மிஞ்சுகிற பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்ற புத்தகம், எல்லாம் முடிந்த மறுவாரம்தான் தபாலில் வந்தது. அதைப் படித்துவிட்டு நீ ஏன் சிரித்தாய்?

இப்போது அமெரிக்காவில் கணக்குப் போடும் இயந்திரங்கள் ஆயிரம் இலக்கத்துக்கு மேல் நீளும் பகா எண்ணையே கண்டுவிட்டனவாம். கண்டால் என்ன? அதற்காக உன் எண் வகுபடத் தொடங்கவில்லை.

ஆனால் கல்லில் கடைசி இலக்கம் ஒன்று என்று இருந்தது. வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறி, கல் கொத்தியவரிடம் கேட்டேன்.

"ஓரம் வந்துருச்சு டீச்சர். ஏழு அகலம், ஒண்ணு ஒல்லி. செத்தவரு எந்திரிச்சு வந்து எண்ணவா போறாரு?"

வீட்டுக்கு வந்து, உன் நோட்டில் இருந்த பகா எண்களை வரிசையாக எடுத்து, கல்லில் இருந்த எண்ணை வகுத்தேன். பதினோராம் நாள் 2699 மீதியின்றிப் போனது, ஈவு 795659. 'இது வகுபடாது' என்று உன் தலைமாட்டில் ஒரு பொய்!

கணக்கைக் கமிட்டியிடம் கொண்டுபோய், கல்லைத் திருத்த அனுமதி கேட்டேன்.

"பத்துல ஒம்போது சரியாத்தான கெடக்கு? நீங்க பரீட்சையில இதுக்குப் பாஸ் போட மாட்டீங்களா?" என்றார் செயலாளர்.

"பாஸ் போடுவேங்க. சரின்னு போட மாட்டேன்."

"அனுமதியில்லாம கல்லைத் தொட்டா, அண்ணன் பக்கத்துல உங்களுக்கு வச்சிருக்கிற எடம் போயிரும். பாத்துக்கோங்க."

அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும். நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நேற்று வெள்ளனே உளியோடு வந்தேன். நாலுக்கும் ஒன்றுக்கும் நடுவே விரற்கடை இடம் இருந்தது. ஒன்றின் தலையில் இடப்பக்கமாக ஒரு கோடு கொத்தினேன். ஏழு கொஞ்சம் நெரிசலாக, நாலை முட்டிக்கொண்டு நிற்கிறது. அழகில்லை. ஆனால் வகுபடாது.

மதியம் கமிட்டியின் கடிதம் வந்தது. என் இடத்தை எடுத்துவிட்டார்கள். உளியைத் தீட்டி வைத்திருக்கிறேன், அண்ணா. யாராவது அந்தக் கோட்டைப் பூசி மறைத்தால் மறுநாளே வருவேன். அவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னோர் இடம் இல்லை.

உன்னோடு பிறந்த, உன் பக்கத்தில் புதைக்கப்படாத தங்கை,
பிலோமி