உன் மேட்டில் ஒரு பீங்கான் கப்

என் தங்கக் கண்ணு மலர்,

காய்ச்சலில் நீ போன பிறகும் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மெஷின் ஓடுகிறது, சரக்கு ஏறுகிறது. என்னைக் கண்டதும் எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கல்யாணமாகாத பிள்ளை என்று உன்னை எரிக்கவில்லை. காங்கேயம் தோட்டத்தில் புதைத்தோம். சொந்தபந்தம் உனக்குப் போர்த்தக் கோடித்துணி கொண்டுவந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன், காட்டனா கலப்பா என்று. உன் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தேன்.

நேற்று உன் மாமா வந்தார்.

"மச்சான், கருப்பு கிரானைட்டுல தூண் வெச்சுச் சமாதி கட்டிப்போடலாமுங்க. ஒருக்கா நல்லாக் கட்டீட்டா, அப்பறம் நீங்க அங்க போயிப் போயி நிக்க வேண்டியதில்லீங்க."

"எப்ப முடிச்சுக் குடுப்பாங்க?" என்றேன். டெலிவரி கேட்கிற அதே குரல்.

அவர் போன பிறகு, உன் அறைச் சுவரில் நீ ஒட்டிய படத்தின் முன்னால் நின்றேன். எகிப்தில் அரசர்கள் அப்போதுதான் தலையெடுத்த காலத்துச் சமாதிகள். உன் ஆராய்ச்சியே அதுதானே. நீ அதை ஒட்டிய அன்றைக்கு நான் உன்னைச் சீண்டியது ஞாபகமிருக்கிறதா?

"ஏங்கண்ணு, ராசா சமாதிய உட்டுப்போட்டு ஏழப்பட்டவன் குழியப் புடிச்சா எவன் உனக்கு ஆர்டர் குடுப்பான்?"

"ராசா கட்டுனது அவரு பெருமைக்குங்கப்பா. இந்தச் சின்னதப் பாருங்க. வெளிய சட்டியா அடுக்கிக் கெடக்குது. பொதைக்கறப்ப வெச்சது இல்லீங்க, அப்பறமா வந்து வந்து வெச்சது."

"செத்தவன் எந்திரிச்சு வந்து திம்பானாக்கும்?"

"தின்னானோ என்னமோ. ஆளு வந்திருக்குதுங்கப்பா. அதத்தான் எழுதறேன்."

ஆளு வந்திருக்குது. கட்டிவிட்டால் வரவேண்டியதில்லை என்ற அந்த வசதிக்காகத்தான் நானும் தலையாட்டினேனா, கண்ணு?

இன்று காலை கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளாஸ்கில் டீயும் உனக்குப் பிடித்த வர்க்கியும் எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். அழுகை வரவில்லை. காகிதக் கப்பில் உனக்கும் ஊற்றி வைத்து, அந்த டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். நான் வந்தது உனக்குத் தெரிந்ததா?

இனி ஞாயிறுதோறும் வருவேன். காகிதக் கப் ஒரு மழைக்குத் தாங்காது. பீங்கான் கப் ஒரு பெட்டி வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். வரும்போதெல்லாம் ஒன்றை உன் மேட்டிலேயே விட்டுவிட்டுப் போவேன். என்றைக்காவது உன்னைப் போல யாராவது வந்து தோண்டட்டும். ஆள் வந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளட்டும்.

டீயோடு வருகிற
உன் அப்பா