இண்டைக்கு என்ன கறி?

இன்று மத்தியானம் புளியாணம் வைத்தேன். ஆற்று மீன் நாலு கிடைத்தது. பழப்புளி கரைத்து விட்டு, அது கொதித்து வரும்போது அகப்பையில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளி அளவாகத்தான் இருந்தது. அது நாக்கில் பட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். இவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் புளியாணம் வைக்கிற நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்கும் பழகிவிட்டது.

நீ போய் இத்தனை வருசமாகியும் உன்னோடு எனக்கு ஒரு கோபம் தீரவில்லை. என்னோடும் தீரவில்லை. இரண்டில் எது பெரிது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட அந்த முதல் மாதங்கள் உனக்கு நினைவிருக்கும். வீடுகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சனங்களோடு போனில் பேசி, மனம் உடைந்தவர்களைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் என்பதால் நீ பெயர் கொடுத்ததும் நானும் கொடுத்தேன். ஒரு நாள் பயிற்சி. ஆளுக்கு இருபது வீடு. கேள்விகள் அச்சடித்த தாள் ஒரு கட்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீ அமிர்தகழியில், இந்தப் பக்கம் நான் தன்னாமுனையில், இருவரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே அழைக்க வேண்டும்.

முதல் நாள் நான் தாளைப் பார்த்து அப்படியே வாசித்தேன். "கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு நம்பிக்கையற்ற உணர்வு ஏற்பட்டதா?" இருபது வீட்டிலும் ஒரே பதில். "இல்ல மிஸ், நாங்க நல்லா இரிக்கம்." இருபது தாளிலும் 'இல்லை' என்று சரி அடையாளம் போட்டுவிட்டு, நம் ஊர்ச் சனங்களுக்கு இரும்பு மனம் என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"விசரா உனக்கு? முகம் தெரியாத ஆள் போனில கேட்டா, ஆருகா மனம் சரியில்ல எண்டு சொல்லும்? என்ன கறி எண்டு கேளு. வேலிக்கு மேலால நாம கேக்கிறதுதானே. மறுகா சின்னதா இன்னொண்டு கேளு. வட்டமா வெட்டினியா, நீட்டுக்கு வெட்டினியா எண்டு. சமைச்சவள் சொல்லுவாள். சமைக்காதவள் முழிப்பாள்."

நான் நம்பவில்லை. பயிற்சியில் சொல்லித் தராததைச் செய்யவும் பயம். ஆனாலும் அடுத்த நாள் காத்தான்குடி வீடொன்றுக்குப் போன் எடுத்தேன். கணவன் கட்டார் நாட்டில் வேலையில்லாமல் மாட்டுப்பட்டிருந்தார். மூன்று சின்னப் பிள்ளைகள். முதல் நாள் எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று சொன்ன அதே பெண்.

"இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டேன்.

"கறியா மிஸ்... மூணு நாளாப் புள்ளையளுக்குக் கடைப் பாண்தான். சாமான் எல்லாம் இரிக்கு. அடுப்புக் கிட்டப் போனாலே அழுகை வருது" என்றாள். பிறகு ஒரு மணித்தியாலம் பேசினாள். அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு டொக்டரோடு பேசவைத்தோம். இப்போதும் பெருநாளைக்கு எனக்கு எடுத்து, தான் வைத்த கறி எல்லாவற்றையும் நான் கேட்காமலே சொல்லி முடிப்பாள்.

அன்றிலிருந்து நான் அந்தத் தாளைக் கடைசியில்தான் நிரப்பினேன். நீயோ தாளையே தொடவில்லை. உன் மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நாளுக்கு ஒரு வரி எழுதினாய். கேட்டால், "இது என்ர சமையல் புத்தகம்" என்பாய்.

அந்த நாட்களில்தான் என் அம்மா போய்ச் சேர்ந்தா. கொரோனா இல்லை, வயசு. ஆனால் ஊரடங்கு. வீட்டு ஆட்கள் சிலரோடு காரியம் முடிந்தது. உன்னால்கூட வரமுடியவில்லை. அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகும் எனக்குக் குசினிப் பக்கம் போக மனமில்லை. இவர்தான் எதையோ அவித்துத் தந்தார். ஆனாலும் என் இருபது வீட்டையும் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தேன். நீ எடுத்துக் கேட்டபோது, பருப்பும் கத்தரிக்காயும் என்றேன். சரி என்று வைத்துவிட்டாய். பின்னேரம் மறுபடி எடுத்தாய்.

"கத்தரிக்காய வட்டமா வெட்டினியா, நீட்டுக்கு வெட்டினியாகா?"

ஒரு கத்தரிக்காயை மனதுக்குள் வெட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே அழுதேன். "அழு, நான் போன வைக்கமாட்டன்" என்று மட்டும் சொன்னாய். விளக்கு வைக்கும் நேரம் வரை வைக்கவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் நான் உலை வைத்தேன்.

பிறகு அந்தப் பெரிய அலை வந்தது. உன் வீட்டு ஒழுங்கையில் ஒரு வீட்டில் காய்ச்சல் கண்டு, அந்தத் தெருவையே மூடினார்கள். எல்லாம் ஆற்றை நம்பிய குடும்பங்கள். இரண்டு கிழமை, பதினாலு நாள், தோணிகள் கரையில் கிடந்தன. ஒழுங்கையைத் திறந்துவிட்ட கையோடு உனக்கு எடுத்தேன். அந்தப் பேச்சை நான் எத்தனை தடவை எனக்குள் திரும்பக் கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

"இண்டைக்கு என்ன கறி?"

"முன்வீட்டுத் தம்பி மீன் தந்தான்கா. புளியாணம் வச்சன். புளி விட்டனோ விடல்லையோ, ஒண்டும் தெரியல்ல."

"உனக்கு வயசு போகுது. இனி உப்புக்குப் பதிலா சீனி போடப்போறாய்."

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடுப்புப் புகை என்றாய். இன்னும் ஏழு வீடு இருக்கிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன்.

மணமும் ருசியும் தெரியாமல் போனால் உடனே சொல்லுங்கள், மறைக்காதீர்கள் என்று அந்தக் கிழமை முழுக்க இருபது வீட்டுக்கும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னவள் நான். உன் வாயால் அதுவே வந்தபோது எனக்குப் பகிடியாகக் கேட்டது. புளியாணம் வைத்தவளுக்குப் புளி தெரியவில்லை என்றால் அது என்ன என்று யோசிக்க ஒரு நிமிசம் எடுத்திருக்காது. அந்த ஒரு நிமிசத்தை நான் உனக்குத் தரவில்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வேலை அதிகம் என்று உனக்கு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடிய முன்வீட்டுத் தம்பியின் மனைவி எடுத்தாள். "அக்காவ அம்புலன்ஸில ஏத்திட்டாங்க. மூச்சு விட ஏலாமக் கிடந்தவ." அதற்குப் பிறகு ஒரு நாள்தான். பெட்டியைத் திறக்கவில்லை. கொழும்பிலிருந்த உன் மகளுக்கு வர வழியில்லை. நான் என் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீ எரிகிறாய் என்று தெரிந்து நின்றேன். இருபது வீட்டிலிருந்தும் எனக்கு அழைப்பு வந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

தடை தளர்ந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். முன்வீட்டுத் தம்பியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "காய்ச்சல் எண்டு எனக்குத் தெரியும் அக்கா. மீன் குடுக்கப் போகக்க கண்டன். ஆருக்கும் சொல்லாத எண்டு கும்பிட்டவ. சொன்னா ஒழுங்கைய மறுகா மூடுவாங்க, உங்கட தோணியக் கட்டிப்போடுவாங்க எண்டு. ரெண்டு நாளில மாறிரும் எண்டு சொன்னவ." அவள் அழுதாள். அவளை என்னவென்று திட்டுவது? அவள் வீட்டுத் தோணி மூன்று நாள் ஆற்றில் இறங்கியது உன்னால்தான். உன்னை அம்புலன்ஸில் ஏற்றிய அன்றே ஒழுங்கையைத் திரும்பவும் மூடினார்கள்.

உன் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். காய்ச்சலை மறைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், உனக்கு வந்ததும் மூன்று நாள் தோணிக்காக வாயை மூடிக்கொண்டாய். நீ எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம் என்று கனகாலம் உன்னைத் திட்டினேன். பிறகுதான் உறைத்தது. நீ சொல்லித்தான் இருக்கிறாய். நான்தான் அதைப் பகிடியாக்கினேன்.

உன் மகள் வந்தபோது அந்தக் கொப்பியை என்னிடம் தந்தாள். "அம்மா உங்களுக்குத்தான் குடுப்பா" என்றாள். ஒரே இருப்பில் புரட்டினேன். இருபது வீடு, இருபது பக்கம். அதற்குப் பிறகு இருபத்தோராவது பக்கம் ஒன்று. மேலே என் பெயர்.

முதல் நாளிலிருந்து எழுதியிருக்கிறாய். நான் வைத்த சொதி, நான் கருக்கிய கீரை, எல்லாம். நான் உன்னோடு வேலை செய்கிறவள் என்று நினைத்திருந்தேன். உனக்கு நான் ஒரு வீடு. அம்மா போன பிறகு வந்த ஒரு நாளில் இப்படி இருந்தது: 'பருப்பு, கத்தரிக்காய் எண்டாள். திங்களும் இதையே சொன்னவள். சமைக்கல்ல. பின்னேரம் எடுக்கணும்.' நீ அன்றைக்கு ஏதோ நினைவு வந்து தற்செயலாக எடுத்தாய் என்றுதான் அதுவரை இருந்தேன்.

உனக்கென்று ஒரு பக்கம் அந்தக் கொப்பியில் இல்லை. என் தாள்களிலும் இல்லை. உன்னை யார் கேட்டார்கள் என்று தேடினால், நான் ஒருத்திதான், நானும் எழுதிவைக்கவில்லை.

அந்த வேலை முடிந்து காலமாகிவிட்டது. ஆனாலும் என் இருபதில் சிலரும் உன் இருபதில் சிலருமாக இன்னும் எடுக்கிறேன். என்ன கறி என்று கேட்கிறேன். சின்னதாக இன்னொன்றும் கேட்கிறேன். யாராவது சிரித்தால், அந்தச் சிரிப்பு முடியும் வரை போனை வைப்பதில்லை.

இன்று குசினியிலிருந்து எழும்பி வந்து உன் கொப்பியை எடுத்தேன். என் பக்கத்துக்கு அடுத்த பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மேலே உன் பெயரை எழுதினேன். அந்தப் பேச்சு நடந்த நாளைப் போட்டு, அதற்கு நேரே, நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய வரியை உன்னைப் போலவே எழுதிவைத்தேன்.

'புளியாணம் எண்டாள். புளி தெரியல்லயாம். இருமினவள். இப்பவே போகணும்.'