வலது கை விரல்கள்

ஆம்பூர்
6-2-1978

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். வஜீதா அக்கா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குப் படிப்பு ஓடவில்லை. மண்டையில் சிறு துளை போட்டு, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, கையை நடுங்க வைக்கும் இடத்தை மட்டும் சுடுவார்களாம். நீங்கள் விழித்தே இருக்க வேண்டுமாம். "விரல் மரத்துப் போனா உடனே சொல்லணும். கம்பி துளி தள்ளிப் போச்சுன்னு அர்த்தம். அது உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது" என்றாரே.

அப்பா, கம்பியைவிட உங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தோல் பதனிடும் கம்பெனியில் தோலைத் தடவித் தரம் பிரிக்கும்போது கை ஆடினால், தோலுக்கு அடியில் மறைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் "ஒண்ணும் இல்லீங்க சார்" என்பீர்களாமே. நர்ஸ் ரத்தம் எடுக்கத் திரும்பத் திரும்பக் குத்தியபோதும் அதையேதான் சொன்னீர்கள். டாக்டரிடம் அப்படிச் சொல்லாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
மனோரமா

வேலூர்
20-2-1978

அன்பு மகள் மனோவுக்கு,

கையெழுத்தைப் பார்த்தாயா? நானே எழுதுகிறேன். "இன்னாய்யா, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதுற!" என்று உன் அம்மா சிரிக்கிறாள். வலது கை ஆடவே இல்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கம்பி உள்ளே போனதும் விரல் நுனியெல்லாம் சுருசுருவென்றது. "மரத்துப் போவுதா தணிகைவேல்?" என்றார் டாக்டர். என் கை ஆடாமல் அப்படியே நின்றிருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ஒண்ணும் இல்லீங்க சார்" என்றுவிட்டேன்.

இப்போது விரல் வைத்தால் காகிதமா துணியா என்று தெரியவில்லை. அவர் பஞ்சால் தொட்டுக் கேட்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் இடது கைக்கும் செய்யப்போகிறார். யாரிடமும் சொல்லாதே. அந்த மனுஷன் மனசு கஷ்டப்படும்.

அன்புடன்,
அப்பா

ஆம்பூர்
23-2-1978

அப்பா,

"நல்ல சேதிதானேடி, இன்னாத்துக்கு அழுவுற?" என்று வஜீதா அக்கா கேட்டார்கள்.

டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஓரக்கண்ணால் பார்ப்பதையும் எழுதினேன். இனிமேல் உங்கள் கண்ணைக் கட்டிவிட்டுச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அதையும் தபாலில் போடுகிறேன். உங்களுக்கு முன்னால் அவர் படித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சின்னப் பெண் எழுதியது என்று படிக்காமலே விட்டுவிடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

என்னோடு நீங்கள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் தலையைத் தடவினால், அது என் தலைதான் என்று உங்கள் இடது கைக்காவது தெரிய வேண்டும்.

மனோரமா