அந்தக் காலை நான் சொன்ன மறுமொழி

மச்சான்,

இன்று காலை ஐந்தரைக்குக் கைபேசியில் வானிலை அறிக்கை வந்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் அதிகரிக்கும். கடற்றொழிலாளர்கள் மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் ஒலிபெருக்கியில் வழக்கம்போல இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் தரம் கடைசி வரிக்கு வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. கரையில் நின்றவர்கள் ஒலிபெருக்கிதான் பழுது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தார்கள்.

போன வருடம் கார்த்திகையில் நான் வாசித்ததும் ஏறக்குறைய இதே வசனங்கள்தான். அதை வாசித்து முடித்த பிறகு உனக்கு மட்டும் நான் சொன்ன மறுமொழியை இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன். போன கிழமைதான் உன் ரஞ்சியிடம் சொன்னேன். அங்கே நடந்ததை உனக்கும் எழுத வேண்டும் போலிருக்கிறது.

நீயும் நானும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பதினெட்டு வயதில் எங்கள் ஊர் மயிலிட்டியை விட்டு ஓடிய அன்று ஷெல் பட்டு என் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போனது. சைக்கிள் கரியரில் என்னை இருத்தி, ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தபடி, ஆஸ்பத்திரி வரை உருட்டிக்கொண்டு போனவன் நீ. பிறகு அகதி முகாமில் அடுத்தடுத்த கொட்டிலில் இருந்தோம். போர் முடிந்து ஊருக்குத் திரும்ப விட்டபோது இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. நீ உனக்கென்று ஒரு வள்ளம் எடுத்து, கண்ணனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாய். நான் சங்கத்தில் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். படிவம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, காலையும் பின்னேரமும் வானிலை வாசிப்பது. நான் வாசித்த ஒரு எச்சரிக்கை பொய்த்துப்போன அன்று நீ வந்து சொன்னாய், "உன்ரை குரலைக் கேட்டுக் கடலே பயந்து அடங்கிப்போச்சு மச்சான்." ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்தாய்.

ஆனாலும் கடலுக்குப் போகுமுன் சங்க அறைக்கு வருவாய். "உது எல்லாருக்கும் வாசிச்சது. எனக்கு என்ன சொல்லுறாய்?" என்று கேட்பாய். நான் கைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து, முகில் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துச் சொல்வேன். அநேகமாகச் சரியாக இருக்கும். கால் போன நாளிலிருந்து நான் வள்ளத்தில் ஏறியதில்லை. நீ என்னைக் கேட்டுவிட்டுப் போகும் நாட்களில் நானும் உன்னோடு போய் வந்த மாதிரி இருக்கும். அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கார்த்திகையில் ஒரு கிழமை முழுக்க எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. வானம் நீலமாக இருந்தது. நான் வாசிக்க வாசிக்கக் கரையில் சனம் முறைத்தது. மீன் ஏலம் கூறுகிறவர் வந்து, "நீங்கள் உந்த வாசிப்பை நிப்பாட்டினாத்தான் எங்கடை வீட்டிலை உலை கொதிக்கும்" என்றார். ஒருநாள் காலை வந்து பார்த்தால், ஒலிபெருக்கியின் வயரை யாரோ பிடுங்கிக் கிணற்றடியில் எறிந்திருந்தார்கள். ஒற்றைக் காலோடு ஏணியில் ஏறி நானே அதைத் திரும்பக் கொழுவினேன். அன்று ஏறிய கோபம் இறங்கவேயில்லை.

பிறகு எச்சரிக்கையை எடுத்தார்கள். எல்லோரும் கடலுக்குப் போனீர்கள். நீ வலையைப் போட்டபின் உன் எஞ்சின் நின்றுவிட்டது. வேறொரு வள்ளம் உன்னை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தது. வலை கடலிலேயே கிடந்தது. மறுநாள் விடிய அறிக்கை திரும்பவும் வந்தது.

நான் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது நீ கதவடியில் நின்றாய். எஞ்சின் திருத்திய கையில் எண்ணெய்க் கறுப்பு.

"என்ன, திரும்பவும் தொடங்கிட்டாங்களோ?"

"ஓம். காத்து அறுபது எழுபது கிலோமீற்றரிலை அடிக்குமாம்."

"எத்தினை மணிக்கு?"

"அது போடேல்லை."

நீ வெளியே எட்டிப் பார்த்தாய். கடல் அலையில்லாமல் கிடந்தது.

"வலை கடலுக்கை கிடக்குது மச்சான். காத்து எழும்பினா ஒரு முழமும் மிஞ்சாது. கண்ணன் உன்ரை அறிவித்தலைக் கேட்டிட்டு வரமாட்டன் எண்டிட்டான். நான் தனிய ஓடிப்போய் இழுத்துக்கொண்டு பத்து மணிக்கிடையிலை வந்திடுவன். போகலாமோ?"

கைபேசி என் கையில்தான் இருந்தது. படத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் திறக்கவில்லை. கிணற்றடியில் கிடந்த வயர்தான் என் கண்ணுக்குள் நின்றது.

"என்னை ஏன் கேக்கிறாய்? போன கிழமை முழுக்க உப்பிடித்தான் சொன்னவங்கள். ஒரு இலை அசைஞ்சுதோ? உனக்குத் தெரியாத கடலே? போ."

நீ சிரித்தாய். "அப்ப சரி. போயிட்டு வாறன்."

அவ்வளவுதான் நாம் கடைசியாகக் கதைத்தது.

ஏழு மணிக்குத்தான் மனம் கேளாமல் படத்தைத் திறந்தேன். முல்லைத்தீவுக்கு நேரே வெள்ளையாக ஒரு திரள், வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. உன் கைபேசிக்கு எடுத்தேன். எடுபடவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். பொய்க்காலோடு கரைக்கு ஓடிப் போனபோது அங்கே உன் வள்ளம் இல்லை. கண்ணன் மட்டும் மணலில் குந்தியிருந்தான். "போயிட்டார் அண்ணை" என்றான்.

ஒன்பதரைக்கு வாடைக்காற்று விழுந்தது. எழும்பியது என்று சொல்ல முடியாது, மேலேயிருந்து விழுந்த மாதிரித்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் கடல் கறுத்து, கரையில் இழுத்து வைத்த வள்ளங்களே ஒன்றோடொன்று மோதின. உன்னைத் தேடிப் போக நாலு பேர் வள்ளத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். முதல் அலையே அதைத் திருப்பிக் கரையில் போட்டது. ரஞ்சி மழையில் நனைந்தபடி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணை, வந்திடுவார்தானே?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது மறுமொழி அது.

மூன்றாம் நாள் மாதகல் கரையில் ஒதுங்கினாய். அடையாளம் காட்ட நான் போனேன். முகத்தைக் கொண்டு அறிய முடியவில்லை. இடுப்பில் கிடந்த சாரத்தைப் பார்த்துத்தான் நீ என்று சொன்னேன். கொஞ்சம் தள்ளி உன் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. வலை முழுவதும் அதைச் சுற்றியிருந்தது. இழுத்து ஏற்றிவிட்டுத் திரும்பி வரும் வழியில்தான் காற்று உன்னைப் பிடித்திருக்கிறது.

பிறகு விசாரணை நடந்தது. அறிவித்தல் வாசிக்கப்பட்டதா என்று கேட்டார்கள். ஊர் முழுக்க ஓம் என்றது. விசாரிக்க வந்தவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் உங்கடை வேலையைச் சரியாச் செய்திருக்கிறியள்" என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்தபோது கண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உங்கடை குரல்தான் அண்டைக்கு என்னை நிப்பாட்டினது அண்ணை." அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

அதிலிருந்து கிழமைக்கு ஒரு தரமாவது உன் வீட்டுக்குப் போய்வந்தேன். வேலி கட்டிக் கொடுத்தேன், கடதாசி அலுவல்கள் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் சொல்லத்தான் போவேன். ரஞ்சி தேத்தண்ணி தருவாள். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன கிழமை உன் ஒரு வருட ஆட்டைத் திவசம் முடிந்தது. மறுநாள் போனேன். ரஞ்சி குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அண்டைக்குக் காலமை அவன் என்னட்டை வந்தவன் ரஞ்சி. போகலாமோ எண்டு கேட்டவன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் அண்ணை."

"நான்தான் போ எண்டு..."

"அதுவும் தெரியும். உங்களிட்டை இருந்து வீட்டை வந்திட்டுத்தான் போனவர். நான் போகவேண்டாமெண்டு மறிச்சனான். அவனே போகச் சொல்லிப்போட்டான், இனி நீ என்னத்துக்கு மறிக்கிறாய் எண்டு கேட்டவர்."

நான் வாசற்படியில் குந்தினேன். ஒரு வருடமாக அவள் தந்த தேத்தண்ணி எல்லாம், தெரிந்துகொண்டு தந்தது.

"ஏன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களா வாய் திறக்கவேணுமெண்டு இருந்தனான்." அவள் ஈர்க்குகளை ஒருபக்கம் ஒதுக்கினாள். "போறதெண்டு முடிவெடுத்திருந்தா அவர் உங்களிட்டை வந்திருக்கமாட்டார் அண்ணை. நேரை கரைக்குப் போயிருப்பார். தனியப் போக அவருக்குப் பயம். ஆராவது மறிக்கட்டும் எண்டுதான் வந்தவர். நான் மறிச்சா அவருக்கு வெக்கம். நீங்கள் மறிச்சிருந்தா நிண்டிருப்பார்."

அவள் குரல் உயரவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் சிரிப்பை நான் இத்தனை நாளும் துணிச்சல் என்று நினைத்திருந்தேன், மச்சான். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பரவாயில்லை என்று அவளும் சொல்லவில்லை. இலையைச் சுளகில் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் எழும்பி வேலிப் படலையடிக்குப் போய்விட்டேன். பின்னால் கூப்பிட்டாள்.

"அண்ணை, வாறதை விட்டிடாதையுங்கோ. அவரைப் பற்றிக் கதைக்க எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

முந்தாநாள் போனேன். பள்ளிக்கூடத்தில் நீ மதில் பாய்ந்து அதிபரின் முன்னால் விழுந்த கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாதாம். சிரித்துவிட்டுப் பிறகு கண்ணைத் துடைத்தாள். முகாமில் நீ அவளைப் பெண் பார்க்கக் கடன் வாங்கிய சேட்டைப் போட்டுக்கொண்டு போனதை அவள் சொன்னாள். அந்தச் சேட்டு என்னுடையது என்று நான் சொன்னேன். இப்படி உன்னை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து வைக்கிறோம். கதவடியில் நீ நின்ற அந்தக் காலையை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை. அதை அவள் வீட்டில் விட்டுவிட்டு வர எனக்கு உரிமையில்லை. போகும்போதும் வரும்போதும் நான்தான் கொண்டு திரிகிறேன்.